கண்ணாடியை மூடிவைத்த சலூன்

என் தம்பி சவரக்கத்தியைக் கைவிட்டதை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கண்டுபிடித்தேன். அவனுடைய சலூனுக்கும் என் தையல் கடைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. அதுவும் கூரைவரை போகாது. நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழிவிட்டு, நானே தைத்த திரை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கிவாரிப் போடும். இத்தனை வருடத்தில் எந்தச் சத்தம் எதற்கு என்று எனக்கு மனப்பாடம். கத்திரியின் சத்தம் வேறு, சீப்பை நாற்காலியில் தட்டுவது வேறு, நுரை தடவிய தாடையில் கத்தி இறங்கும்போது வருகிற சரசரப்பு வேறு. அந்தச் சரசரப்புத்தான் கொஞ்ச நாளாகக் காணோம்.

“என்னடா, கத்திய வித்துட்டியா?” என்று திரையை விலக்கிக் கேட்டேன்.

“இப்ப யாரு அக்கா கத்தி கேக்குறாங்க? எல்லாருக்கும் மெஷின்தான்” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

பச்சைப் பொய். சற்று முன்புதான் ஒருவர் முழுச்சவரம் கேட்டு வந்து, “இன்னைக்கு முடியாதுங்க” என்ற பதிலை வாங்கிக்கொண்டு எதிர்வரிசைக் கடைக்குப் போயிருந்தார். வந்த காசை எதிர்வரிசைக்கு அனுப்பிவைக்க இவன் என்ன தர்மப்பிரபுவா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வரவில்லை. பயப்பட வேண்டிய விஷயம் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முடிவெட்டுகிறவன் என்றால் ஊர்வம்பு பேசுவான் என்று நம்பி வருகிறவர்கள் அவனிடம் ஏமாந்து போவார்கள். அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பேசுவதெல்லாம் வாடிக்கைக்காரர்கள்தான். ஆனால் அவன் கைக்கு ஒரு பெயர் உண்டு. வேலைக்கு நேர்முகம் போகிறவன், வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவன், மாமனாரோடு சமாதானம் பேசப் போகிறவன் எல்லாரும் முதலில் இங்கே வந்து கழுத்தை நீட்டிவிட்டுத்தான் போவார்கள். போன காரியம் முடியும் என்று ஒரு நம்பிக்கை. கைராசிக்காரர் என்றே அவனுக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். மரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். மீசை என்றால் சாதாரண மீசை இல்லை, இரண்டு கன்னத்துக்கும் சொந்தம் கொண்டாடுகிற மீசை. அதன் ஓரத்தை மட்டும் மெஷினால் சரிசெய்யச் சொல்லியிருந்தார். நான் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. ஒரு மீசை ஓரத்துக்கு இவ்வளவு நேரமா என்று நினைத்த அதே நொடியில் மீசைக்காரர் “ஐயோ!” என்று கத்தினார்.

திரையைக் கிழிக்காத குறையாக ஓடினேன். தம்பி நின்றுகொண்டிருந்தான், ஆனால் நிற்கிற ஆள் அவன் இல்லை. வலது கை அது பாட்டுக்குத் துள்ளியது. விரலிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து தோள், தோளிலிருந்து முகம் என்று துள்ளல் ஏறிக்கொண்டே போனது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்த பயத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு அப்படியே சாய்ந்து, வெட்டிப்போட்ட முடிக்கு நடுவில் விழுந்து உதறினான். மெஷின் அவன் பக்கத்தில் தரையில் உறுமிக்கொண்டு சுற்றியது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. மீசைக்காரர்தான் நாற்காலியை இழுத்துத் தள்ளிவிட்டு, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தார். உதறல் நின்றதும் ஆட்டோவைக் கூப்பிட்டவரும் அவரேதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியின் மனைவி ஓடிவந்தபோது அவரைப் பார்த்து இன்னும் அரண்டுபோனாள். ஒரு பக்கம் மீசை முழுசாக இருந்தது, மறுபக்கம் வழித்துவிட்டிருந்தது. பாதி மீசையோடு அந்த மனிதர் சாயங்காலம்வரை எங்களோடு உட்கார்ந்திருந்தார். யாரையும் சிரிக்க விடாமல் முறைத்துக்கொண்டே இருந்தார்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா வயதில் என்னைவிடச் சிறியவர். பேச்சில் அவசரமே கிடையாது. எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். சாம்பல் நிறத்துக்கு நடுவில் சின்னச் சின்ன வளையங்கள். வளையத்துக்குள் ஒரு புள்ளி.

“இது கட்டியாங்க டாக்டர்?” என்று தம்பியின் மனைவி கேட்டாள். அவள் ஒரு ஸ்கூலில் ஆயாவாக வேலை பார்க்கிறவள். குழந்தைகளுக்கு அடிபட்டால் கலங்காதவள், குரல் உடைந்து கேட்டாள்.

“புற்றுக்கட்டி இல்லம்மா, பயப்படாதீங்க. இது புழு. நாடாப்புழுவோட குஞ்சு. ஒவ்வொண்ணும் ஒரு சின்னப் பைக்குள்ள இருக்கு. இந்தப் புள்ளி தெரியுதுல்ல, அது அதோட தலை.”

பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு அதைச் சொன்னார் பாருங்கள். என் தம்பியின் தலைக்குள் வேறொரு தலை. அதுவும் ஒன்று இல்லை, மூன்று. எனக்கு அந்த அறையிலிருந்து எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. தம்பி மட்டும் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு படத்தையே பார்த்தான்.

பிறகு அவனாகவே வாய் திறந்தான். “கட்டைவிரல் முதல்ல துள்ளுச்சுங்க. மரத்துப்போன மாதிரி இருக்கும், ரெண்டு துள்ளு துள்ளும், சரியாயிடும். வேலை ஜாஸ்தி, அதான்னு நினைச்சேன். ஒருநாள் ஒருத்தர் கழுத்துல கத்தி இருக்கும்போதே துள்ளிடுச்சு. கீறல்கூடப் படல. ஆனா அவர் கண்ண மூடிக்கிட்டு நிம்மதியா படுத்திருந்தார். அன்னைக்கே கத்தியை உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்.”

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அந்தக் கழுத்து யாருடையது என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

டாக்டரம்மா ஒரு வளையத்தைப் பேனாவால் தொட்டுக்காட்டினார். வலது கையை ஆட்டிவைக்கிற இடம் மூளையில் இடது பக்கம் இருக்கிறதாம், சரியாக அதன் ஓரத்தில் அது உட்கார்ந்திருக்கிறதாம். “அதனாலதான் கையில ஆரம்பிச்சிருக்கு” என்றார்.

“நாங்க பன்றிக்கறி தொடுறதே இல்லையே டாக்டர்” என்றேன். எனக்கு அதுவரை தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

“கறியால வர்றது வேற. சரியா வேகாத கறியத் தின்னவங்களுக்கு வயித்துல நீளமா புழு வளரும். அது இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. அவங்க கக்கூஸ் போயிட்டு கையச் சரியா கழுவாம எதையாவது தொட்டா, அந்தப் புழுவோட முட்டை அதுல ஒட்டிக்கும். கண்ணுக்கே தெரியாது. அதை முழுங்கினவருக்குத்தான் இப்படி. முட்டை வயித்துல பொரிஞ்சு, குஞ்சு ரத்தத்துல ஏறி, போற இடத்துல உக்காந்துக்கும்.”

கை கழுவாத யாரோ ஒருவர். எங்கே, எப்போது, யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை, சில வருடங்களுக்கு முன்னால்கூட இருக்கலாம் என்றார். என் தம்பியோ ஒவ்வொரு தலைக்கும் ஒரு தடவை சோப்புப் போடுகிறவன். உலகத்திலுள்ள கையையெல்லாம் அவன் ஒருவன் கழுவிவிட முடியுமா?

வீட்டில் எல்லாரும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார்கள், அந்த நீளப்புழு எங்களில் யாரிடமாவது இருந்தால் அதற்குத் தனி மாத்திரை என்று. சின்ன டப்பாக்களைக் கையில் கொடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் யாருக்கும் சோறு பரிமாறவில்லை. அவரவர் தட்டை அவரவரே எடுத்துக்கொண்டோம். மத்தியானம் கடைக்குச் சமைத்துக்கொண்டு வருகிறவள் நான். என் கையை நானே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தம்பியின் மனைவி என் கையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள், நானும் அவள் கையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். எங்கள் யாரிடமும் எதுவும் இல்லை என்று முடிவு வந்த அன்று நாங்கள் இருவரும் சமையலறையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம்.

மருந்து தொடங்குவதற்கு முன்னால் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். கண்ணுக்குள் புழு இருந்து, அது மருந்தில் செத்தால் பார்வையே போய்விடுமாம். மருந்துச்சொட்டு விட்டு, கருவிழிக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். நான் வெளியில் உட்கார்ந்து, கண்ணில் மட்டும் வேண்டாம், கண்ணில் மட்டும் வேண்டாம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மூளையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற மாதிரி. மனிதருக்குப் பயம் வந்தால் பேரம்கூட எவ்வளவு கேவலமாக நடக்கிறது! கண்ணில் இல்லை.

மாத்திரை மூன்று வகை. வலிப்பு வராமலிருக்க ஒன்று. வீக்கம் வராமலிருக்க வெள்ளையாகச் சின்னதாக ஒன்று. மூன்றாவதுதான் புழுவுக்கு. அதை வெறும் வயிற்றில் போடாமல் முட்டை, பால் என்று கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடவேண்டும், அப்போதுதான் ரத்தத்தில் நன்றாகச் சேரும் என்றார்கள்.

“இந்த மாத்திரை புழுவ எப்படிங்க கொல்லும்?” என்று தம்பி கேட்டான்.

“பட்டினி போட்டுக் கொல்லும். புழு உங்க உடம்புல இருந்துதான் சர்க்கரைய உறிஞ்சி வாழுது. அதை உறிஞ்ச விடாம இது தடுத்துடும். கொஞ்சம் கொஞ்சமா வாடிச் சாகும்.” டாக்டரம்மா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இப்ப சொல்றத கவனமா கேட்டுக்குங்க. உயிரோட இருக்கிறவரைக்கும் புழு உங்க உடம்ப ஏமாத்தி ஒளிஞ்சிருக்கும். சாகும்போதுதான் உடம்புக்குத் தெரியும், உள்ள அந்நியன் ஒருத்தன் இருக்கான்னு. உடனே எல்லாம் சேர்ந்து சண்டைக்குப் போகும், அந்த இடம் வீங்கும். கால்ல வீங்கினா பரவாயில்ல. மண்டையோட்டுக்குள்ள வீங்க இடம் ஏது? அந்த வீக்கத்த அடக்கத்தான் இந்த வெள்ளை மாத்திரை. நாங்க சொல்லாம இதை நீங்களா நிறுத்தவே கூடாது.”

தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். அவன் மனைவியும் ஆட்டினாள். மூன்று பேர் கேட்ட பேச்சு அது.

சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கத்தி கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, ஏணி ஏறக் கூடாது. கத்திரியும் சீப்பும் மட்டும் போதும் என்றார்கள், அதுவும் மொக்கை முனைக் கத்திரி. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் தலைக்குள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்லிக் கடையைத் திறந்துவிட்டான். காலையில் வலிப்பு மாத்திரையை மனைவி கொடுப்பாள், மற்ற இரண்டையும் எண்ணிக் கொடுத்தனுப்புவாள். அவற்றை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையிலேயே போட்டுக்கொள்வான்.

அந்த நாட்களில் நான் தைத்த துணிகளைப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அந்தப் பக்கம் சீப்பு விழுந்தால் எழுந்துவிடுவேன். நாற்காலி கிறீச்சிட்டால் எழுந்துவிடுவேன். சத்தமே இல்லாமல் இருந்தால் அதற்கும் எழுந்துவிடுவேன்.

“அக்கா, நான் இருக்கேன், நீ உக்காரு” என்பான், திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

சலூனில் எல்லாரும் டாக்டர்கள்தானே. வைத்தியம் சொல்ல வரிசையில் நின்றார்கள். புழு மாத்திரை என்ன பெரிய மாத்திரை, என் பேரனுக்கே ஸ்கூலில் கொடுத்தார்கள், மென்று தின்றுவிட்டு விளையாடப் போய்விட்டான் என்றார் ஒருவர். வயிற்றுப்புழுவுக்கு ஒரே ஒரு மாத்திரை, அது வெளியே போய்விடும். மண்டைக்குள் செத்தது எந்த வழியாக வெளியே போகும்? இதை அவரிடம் நானே எட்டிப்பார்த்துச் சொன்னேன். இன்னொருவர் வெள்ளை மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது ஸ்டீராய்டாச்சே, ஆளை ஊதவெச்சு உள்ளுக்குள்ள அரிச்சிடுமே” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். பேசிவிட்டுப் போகிறவருக்கு என்ன? தலை என் தம்பியுடையது.

அவன் முகம் ஊதத் தொடங்கியது உண்மைதான். ஒட்டிய கன்னம் அவனுக்கு. கொஞ்ச நாளில் அது உருண்டுவிட்டது. தாடைக்கோடு மறைந்தது.

“அக்கா, என் முகம் வளருது” என்றான் ஒரு மத்தியானம்.

“முட்டையும் பாலுமா தின்னுட்டு வளராம என்ன செய்யும்?” என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாதவன் பேசவில்லை என்றால் யாருக்குத் தெரியும்? ஆனால் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தான். ஒரு நாள் வாந்தி எடுத்தான். வெயில் என்றான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். நாளைக்கு என்றான்.

அந்த நாளைக்குத்தான் விழுந்தான். இந்தத் தடவை நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் ஏற்கெனவே தரையில் இருந்தான். விழுகிற வேகத்தில் கை பட்டு அலமாரியிலிருந்த பவுடர் டப்பா கவிழ்ந்து, தரையெல்லாம் வெள்ளை. அவன் முகத்திலும் வெள்ளை. நல்லவேளை, நாற்காலியில் யாரும் இல்லை. மீசைக்காரர் செய்ததைப் பார்த்திருந்ததால் இந்த முறை எனக்குக் கை கால் ஓடியது. ஒருக்களித்துப் போட்டு, தலைக்கடியில் என் தோளில் கிடந்த துணியை வைத்தேன். துள்ளல் நிற்கவில்லை. நிற்கவே இல்லை. நின்ற மாதிரி இருந்து மறுபடி தொடங்கியது. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன், தெருவுக்கே தெரியாத அந்தப் பெயரை.

ஆம்புலன்ஸில் அவனைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். பவுடருக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தன. குனிந்து தொட்டேன். மாத்திரைகள். எல்லாம் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைகள். முந்தானையில் அள்ளி முடிந்துகொண்டு வண்டியில் ஏறினேன்.

டாக்டரம்மா என் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. “புழு மாத்திரைய மட்டும் போட்டிருக்கார். புழு சாகுது. வீக்கத்த அடக்க எதுவுமே இல்ல” என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். அவர் ஓடி அதுவரை நான் பார்த்ததில்லை. அதுதான் என்னை நிலைகுலைத்தது.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவன் கண் திறந்து என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான், வாய் குழறியது. வலது கை போர்வைமேல் கிடந்தது. அவன் அதைத் தூக்கப் பார்ப்பது தெரிந்தது. நெற்றியில் நரம்பு புடைத்தது, ஆனால் விரல்கூட அசையவில்லை. போய்விட்டது, கைராசிக்காரன் கை போய்விட்டது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. ஆள் பிழைத்தால் போதும் என்று இன்னொரு குரல் சொன்னது. பக்கத்தில் அவன் மனைவி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டே இருந்தாள்.

“அண்ணி, நான் கொடுத்துதானே அனுப்பினேன்? எண்ணித்தானே கொடுத்தேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

புழு மாத்திரையை நிறுத்திவைத்தார்கள். முதலில் வீக்கம் வடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். வடிந்தது. மெல்ல மெல்ல வடிந்தது. ஒரு காலையில் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்கள். பேச்சும் திரும்பியது. திரும்பியதும் டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

“ஏங்க நிறுத்துனீங்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“சொன்னாங்க. அதுக்காக இல்லைங்க.” தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “நாள் பூரா கண்ணாடிக்கு எதுத்தாப்புல நிக்கிறவன் நான். நாற்காலியில ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க, அதுல எப்பவும் நிக்கிறவன் நான் ஒருத்தன்தான். அவன் முகம் நாளுக்கு நாள் ஊதிக்கிட்டே போகுது. உள்ள இருக்கிறது பட்டினியில சாகல, தின்னு கொழுக்குதுன்னு நினைச்சேன். அந்த வெள்ளை மாத்திரைதான் அதுக்குத் தீனின்னு தோணிடுச்சு. சொன்னா திட்டுவாங்கன்னு பவுடர் டப்பாவுல போட்டுட்டேன்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வேறு எந்தத் தொழில் செய்கிறவனாக இருந்தாலும் முகத்தைக் காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்திருப்பான்.

“முகம் ஊதுனது மாத்திரையால. புழுவால இல்ல” என்றார் டாக்டரம்மா. “மருந்து முடிஞ்சு நாங்க நிறுத்தினதும் பழையபடி ஆயிடும். முகம் வீங்கலாம். மூளை வீங்கக்கூடாது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.”

வீட்டுக்கு வந்தபிறகு மூன்று மாத்திரையும் மறுபடி தொடங்கின. இந்தத் தடவை அவன் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் நானும் அவன் மனைவியும் நகர்ந்தோம். கடையைத் திறப்பதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்தேன். என்னிடம் மிஞ்சிக் கிடந்த ஸ்கூல் யூனிஃபார்ம் நீலத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்து, அவன் கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை மூடிவிட்டேன். அவன் கிட்டே வந்து பார்த்தான். ஒரு ஓரம் சுருங்கியிருந்தது, அதை மட்டும் இழுத்துவிட்டான்.

கண்ணாடி இல்லாத சலூனை யாராவது பார்த்ததுண்டா? வந்தவர்களெல்லாம் குறை சொல்லி முணுமுணுத்தார்கள். மீசைக்காரர்தான் முதலில் உட்கார்ந்தார். அவருடைய மீசை பாதி வளர்ந்து, பாதி வளராமல் இருந்த காலம் அது. “மூடியே இருக்கட்டும். என் மூஞ்சியப் பாக்குற தைரியம் எனக்கும் இல்ல” என்றார். அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனோம். வளையங்கள் சுருங்கின. உள்ளே இருந்த புள்ளிகள் மறைந்தன. பல மாதம் கழித்து எடுத்த படத்தில் இரண்டு வெறும் வெள்ளைப் பொட்டுகள்தான் இருந்தன. செத்த இடத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, இனி அவற்றுக்கு உயிர் கிடையாது என்றார் டாக்டரம்மா. மூன்றாவது இருந்த இடமே தெரியவில்லை. வெள்ளை மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைத்து ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். வலிப்பு மாத்திரை மட்டும் தொடரவேண்டும். மூளையில் அந்தத் தழும்பு இருக்கிறவரைக்கும், வலிப்பு மறுபடி வராது என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். அதையும் மறைக்காமல் சொன்னதற்காக அவர்மேல் எனக்குக் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது.

வலிப்பே இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. “இனி கத்தி எடுக்கலாம்” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தம்பி எடுக்கவில்லை. முழுச்சவரம் கேட்டவர்களை எதிர்வரிசைக்கே அனுப்பினான். கத்தி பூட்டிய இடத்திலேயே இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அந்தச் சரசரப்பு மாதிரி ஏதோ கேட்டது. மாதிரிதான், அதே சத்தம் இல்லை. திரையை ஓரமாக விலக்கிப் பார்த்தேன். நாற்காலியின் தலைசாய்ப்பில் ஒரு பலூனைக் கட்டிவைத்து, நுரை தடவி, அதற்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். தொழில் பழகும்போது அப்படித்தான் பழகுவார்கள். கை நடுங்கினால் பலூன் காட்டிக்கொடுத்துவிடும். நான் திரையை விட்டுவிட்டு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தினமும் ஒரு பலூன். ஒன்றுகூட உடையவில்லை. துடைத்து, காற்றை இறக்கி, மடித்து வைத்துவிட்டு மறுபடி கத்தியைப் பூட்டிவிடுவான்.

ஒரு நாள் வெடித்தது.

கையில் கத்திரியோடு ஓடினேன். அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். முகமெல்லாம் நுரை. கத்தி தரையில் கிடந்தது. வலது கையைக் கண்ணுக்கு நேராக நீட்டிவைத்து, அதை முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, இது கையா, பலூனா?”

“பலூன்தான்டா. பழைய பலூன், நைஞ்சு போயிருக்கும்.”

“நீ பாத்தியா?”

நான் எங்கே பார்த்தேன்? நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். “கை துள்ளுச்சாடா?” என்று கேட்டேன்.

“தெரியலக்கா. சத்தத்துல துள்ளுச்சா, துள்ளி சத்தம் வந்துச்சான்னு தெரியல. இனிமே எப்பவுமே தெரியாது.” நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டான். “கத்திய வித்துடு. எனக்கு வேணாம்.”

எனக்குப் பயமாக இருந்தது. அதோடு கோபமும் வந்தது. புழு செத்து மாதக்கணக்காகிறது, இவன் அதற்கு இன்னும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறான். கத்தியை எடுத்து அவன் கையில் திணித்தேன். “எந்திரி” என்று சொல்லிவிட்டு, நுரை சிந்தியிருந்த அந்த நாற்காலியில் நான் ஏறி உட்கார்ந்தேன்.

“என்னக்கா பண்ற?”

“எனக்கு வயசாயிடுச்சு. தாடையில நாலு முடி முளைச்சிருக்கு. ரொம்ப நாளா ஊசிமுனையில இழுத்துப் பிடுங்குறேன், வலி உயிர் போகுது. நீ எடு.”

“மெஷின்ல...”

“மெஷின் வேணாம். கத்தி.”

ஆண்கள் உட்காருகிற நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு நொடி வெட்கம் வந்தது. அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்தேன். தொண்டைக்குழி மேலே வந்தது. வெட்கம் போய்விட்டது, பயம் மட்டும் இருந்தது.

அவன் முகத்திலிருந்த நுரையைத் துடைத்தான். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். புது பிளேடு மாற்றினான். என் தாடையின்மேல் முழுசாக நிழல் விழுந்திருந்தது போலும், போய்க் கண்ணாடிமேல் இருந்த நீலத்துணியைக் கொக்கியிலிருந்து கழற்றினான். வெளிச்சம் வந்தது. கண்ணாடிக்குள் ஒட்டிய கன்னத்தோடு ஒருவன் நின்றான். தன்னைத்தான் பார்க்கிறோம் என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நுரை குளிர்ந்தது. அவனுடைய இடதுகை விரல்கள் என் தாடையைத் தூக்கிப் பிடித்தன. கத்தி வந்து தொட்டதும், ஒரு நடுக்கம் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது. கத்தி உடனே விலகியது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

“அக்கா, ஆட்டாத.”

“நானா?”

“நீதான். கண்ணத் திறந்து பாரு.”

திறந்து கண்ணாடியில் பார்த்தேன். அவன் கை காற்றில் கத்தியோடு அப்படியே நின்றது, ஒரு இம்மிகூட அசையாமல். அதற்குக் கீழே என் கழுத்துதான் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“பயமா இருக்கா?” என்றான்.

“ஆமாடா.”

“எனக்கும்தான்” என்றான். என் ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தான். பிறகு கத்தியை வைத்தான். சரசரவென்று சத்தம் கேட்டது.